இருட்டில் நிறம் பார்த்தல்

ஏறாவூருக்குத் தெற்கே, வாவியில் ஒரு தோணி. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. வெளிச்சம் தெரிந்தால் எதிர்க்கரை இராணுவக் காவலரணிலிருந்து சுடுவார்கள் என்பதால் டோர்ச்சும் இல்லை, பீடியும் இல்லை. சாமித்தம்பியும் அவருடைய மச்சான் கணபதியும், தூண்டிலில் இரையாகக் கட்ட மரத்தில் செதுக்கி நிறம் பூசிய பொய்மீன்களைத் தகரப்பெட்டிக்குள் தடவித் தேடுகிறார்கள். மத்தியானம் சாமித்தம்பி வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகச் சாப்பிட வருகிறார்கள். சோற்றோடு கொடுவா மீன் இருக்கவேண்டும் என்பது அவர் மனைவியின், அதாவது கணபதியின் தங்கையின், உத்தரவு.

"கலங்கின தண்ணிக்குப் பச்சைதான்" என்கிறார் கணபதி.

"சிவப்புத்தான் மச்சான்." சாமித்தம்பி ஒன்றை எடுத்து நக்கிப் பார்க்கிறார். "இந்தா சிவப்பு. மகளுட நகப்பூச்சு அடிச்சது, கசக்குது."

"போன முறை பச்சைய நக்கிப்போட்டும் இதைத்தானே சொன்னாய்?"

ஆனாலும் கணபதி அதையே வாங்கிக் கட்டி எறிகிறார்.

கிழக்கு வெளுக்கும்போது தூண்டிலின் தங்கூசி நூல் விறைக்கிறது. தோணி சாய்கிறது. பெரிய கொடுவா ஒன்று துள்ளி விழ, நூல் அறுந்துவிடுகிறது. மீனோடு பொய்மீனும் போய்விட்டது.

கணபதி தலையில் கை வைக்கிறார். சாமித்தம்பிக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "சொன்னன்தானே, சிவப்புக்குத்தான் எடுக்கும் எண்டு!"

கணபதி பெட்டியைக் காட்டுகிறார். வந்துவிட்ட வெளிச்சத்தில் சிவப்பு அங்கேயே கிடக்கிறது. சாமித்தம்பி மூடியைச் சாத்துகிறார்.

"மறுகா, தங்கச்சிக்கு ஆர் சொல்லுற?" என்கிறார் கணபதி.

"நீதான். பச்சையக் கட்டினது நீதானே?"