தப்பான ஊருக்கு வணக்கம்

என் அப்பா ரூபன் ஒச்சோவா ஒருமுறை பாடத் தொடங்கியதும் நெவாடாவில் ஒரு மலை எழுந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டது. நிலாவில் இருக்கும் குழிகளெல்லாம் அவருடைய ‘டெட் பேட்டரி’ குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்த வாரம் விழுந்தவை. சந்தேகம் இருப்பவர்கள் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வந்து எங்கள் வீட்டு ஜன்னல்களைப் பார்க்கலாம். ஒன்றிலும் உருப்படியான கண்ணாடி இல்லை.

குழுவில் குரல்கள் இரண்டு. லானி மூச்சுவிடாமல் ராப் சொல்வார். பல்லவி வந்ததும் கிதார் சத்தத்துக்கு மேலே அப்பா அலறுவார். ஒரு காலத்தில் மைதானங்களில் பாடினார்கள். அந்த மோகம் ஓய்ந்ததும் பார்களுக்கு வந்துசேர்ந்தார்கள். ஊருக்கு வணக்கம் சொல்வது லானியின் வேலை. அமரில்லோவில் அப்படிச் சொல்லிப் பாடி முடித்து வேனின் பின்சீட்டில் படுத்தவர், அடுத்த ஊரான டல்சாவில் கதவைத் திறந்தபோது எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

அதன்பிறகு வணக்கம் அப்பாவின் தலையில் விழுந்தது. அவர் காலடியில் ஊர்ப் பெயரை டேப்பில் எழுதி ஒட்டுவதும், வாசலில் டி-சர்ட் விற்பதும் நான். பள்ளிக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு ஒத்துவரவில்லை. அப்பா டேப்பைப் பார்க்கவே மாட்டார். எந்த ஊரானாலும் “வணக்கம், அமரில்லோ” என்பார். கூட்டம் ஜோக் என்று நினைத்துச் சிரிக்கும். வலப்பக்கம் லானியின் மைக் ஆளில்லாமல் நிற்கும். அதை அணைக்க விடமாட்டார். அவர் வாய் திறக்குமுன் அதிலிருந்து யாரோ மூச்சு இழுப்பது கேட்கும். ஒயரை மாற்றினோம். மைக்கையே மாற்றினோம். மூச்சு மாறவில்லை.

இந்த வருஷம் அமரில்லோவிலிருந்தே அழைப்பு வந்தது. போகும் வழியில் அப்பா பர்ரிட்டோவைப் பிரித்து, கடிக்காமல் மறுபடி சுற்றி வைத்தார்.

“தப்பா சொல்ற வரைக்கும் லானி வண்டியிலதான்டி இருக்கான். அங்க போயி அதையே சொன்னா சரியாயிடும். அப்புறம் அவன் எங்க இருப்பான்?”

“அப்போ ஏப்பம் விட்டுடுப்பா. உன் பாட்டுக்கும் அதுக்கும் எவனுக்கு வித்தியாசம் தெரியப்போகுது?”

“கழுதை,” என்றார். சிரிக்கவில்லை.

அன்று மேடையில் டிரம்ஸ் தொடக்கத் தாளத்தையே திரும்பத் திரும்ப அடித்தும் அப்பா வாய் திறக்கவில்லை. லானியின் மைக் மூச்சு இழுத்தது. அப்பா முதல்முறையாகக் குனிந்து டேப்பைப் பார்த்தார். நான் அதில் எழுதியிருந்தது வேறு ஊர்.

நிமிர்ந்தார். வாசல் பக்கம் என்னைத்தான் பார்த்தாரோ என்னவோ.

“வணக்கம், டல்சா. வந்து சேந்துட்டோம்.”

கூட்டம் ஊளையிட்டது. ஒருவன் பீர் குவளையை எறிந்தான். வலப்பக்க மைக்கில் அதற்குமேல் ஒரு சத்தமும் இல்லை. லானியின் வரிகள் வந்தபோது அப்பா பின்வாங்கி இடம் விட்டார். எறிந்தவனும் சேர்ந்து முன்வரிசையே அவற்றைச் சொல்லி முடித்தது.

சாமான்களை வேனில் ஏற்றும்போது, அவரை நாலு பேர் முன்னால் அசடு வழிய வைக்கத்தான் பெயரை மாற்றி எழுதினேன், சும்மா கிண்டல், வேறொன்றுமில்லை என்றேன். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். விற்காத டி-சர்ட்டுகளுக்கு அடியில் நான் சுருட்டித் திணித்திருந்த வெள்ளை டி-சர்ட்டை உருவி விளக்குக்கு நேரே விரித்தார். அதில் இரண்டு கறுப்புத் தீற்றல்கள்.

“கிண்டல்தானே? உன் கண்ணு மை இதுல எப்படிடி வந்துச்சு?”