சீனாக் குழலும் என் ஆடுகிற தலையும்

சீனாக் குழலில் இங்கிலீஷ் பாட்டு ஊதிப் பிழைக்கிறவனுக்கு விரலைவிடத் தலைக்குத்தான் வேலை அதிகம். உங்களில் யாராவது அந்தப் பாவத்தைச் செய்திருந்தால், கழுத்தைத் தடவிக்கொண்டே படியுங்கள்.

மீன் வேண்டாம்

தொண்ணூறுகளில் பிரேசர் டவுனில் ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்ட். சர்ச் பேண்டில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, சுவரில் அழகுக்கு மாட்டியிருந்த மூங்கில் குழலைக் கையில் திணித்தார் முதலாளி. நுனியில் உதட்டை வைத்து, நேராகப் பிடித்து ஊதுகிற ஜாதி. சீனப் பாட்டு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆகவே இங்கிலீஷ் வால்ட்ஸ் நடனப் பாட்டு. அதில் தடுக்கி விழுந்தால் அரை சுரம் ஏறும் ஷார்ப், எழுந்தால் அரை சுரம் இறங்கும் ஃபிளாட். இதற்கெல்லாம் குழலில் துளை ஏது? துளையைப் பாதி மூடி, ஷார்ப்புக்கு மோவாயைத் தூக்கணும், ஃபிளாட்டுக்கு இறக்கணும். சுரத்தை நீட்டினால், நடுக்கம் கொடுக்கத் தலையை இடமும் வலமும் ஆட்டணும்.

அப்படி ஆட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரர் வெயிட்டரிடம், "ஃபிஷ் ஃபிரெஷ்ஷா?" என்றார். பதில் வருவதற்குள் என்னைப் பார்த்துவிட்டார். நான் பாட்டை நிறுத்தி விளக்கப் போக, முதலாளி ஓடி வந்து, இனிமேல் நடுவில் நிறுத்தினால் வேலை காலி என்றார். மேசைக்காரர் சமாதானம் ஆகவில்லை. "இங்க சம்பளம் வாங்கற ஆளே வேணாங்கறாரு, நமக்கு எதுக்குப்பா? வெஜ் ஃபிரைட் ரைஸ் கொடு."

காற்று

அடுகோடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். எனக்கு வேர்க்கிறதே என்று யாரோ புண்ணியவான் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டார். ஃபேன் காற்று நுனியில் பட்டால் இந்தக் குழல் ஊமை. நான் ஊதுகிறேன், விரல் ஓடுகிறது, தலை ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஐயோ, மானம் போச்சு என்று குழலை இறக்கினேன். பெண்ணின் மாமா பதறிவிட்டார்.

"அண்ணா, சவுண்ட் வரலேன்னா போகட்டும், ஆக்‌ஷனை நிறுத்தாதீங்க. வீடியோ ஓடுது!"

பெண் கேட்ட கதை

ரெஸ்டாரண்டில் பில் போடுகிற மெர்சிமேல் எனக்கு உயிர். அவளுக்கும் சம்மதம். அவள் அப்பா ஆரோக்கியம், மாப்பிள்ளையைப் பார்த்து முடிவு சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முன்மேசையில் உட்கார்ந்து சூப்பைக் குடித்தார். பொறுமை இல்லாத மனுஷன், நான் வாசிக்கும்போதே உரக்கக் கேட்டுவிட்டார்: "ஏம்பா, எம் பொண்ணைக் கட்டிக்க இஷ்டந்தானே?"

நான் இருந்ததோ கடைசி நீட்டலில். நிறுத்தினால் வேலை போகும்; வேலை போனால் பெண் கிடைக்காது. கண்ணாலேயே கெஞ்சினேன். தலை தன் பாட்டுக்கு இடமும் வலமும் ஆடியது. அவர் ஸ்பூனைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"எவ்ளோ திமிரு இருந்தா பாட்டு வாசிச்சிக்கிட்டே வேணாம்பான்!"

ரோட்டில் கச்சேரி

பாட்டு முடிந்ததும் குழலோடு பின்னால் ஓடினேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார். "மாமா, பாருங்க, ஷார்ப்புக்கு இப்படி, நீட்டினா இப்படி" என்று நடு ரோட்டில் ஊதிக் காட்டினேன். அதே குழலை வாங்கி அவரும் ஊதிப் பார்த்தார். சத்தம் வரவில்லை; தலை மட்டும் நன்றாக ஆடியது. சிரித்துவிட்டார். அப்பாடா! ஆட்டோ டிரைவர்தான் பயந்துபோனார்.

"ஸார், ஒப்பரிகா, இப்பரிகூ ஹீகேனா?"

ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்குமே இப்படியா என்று கன்னடத்தில் கேட்கிறார்!

சம்மதம்

சர்ச்சில் ஃபாதர் என்னைப் பார்த்து, "இவளை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்றார். சந்தோஷத்தில் "சம்மதம்" என்பதைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன். நீட்டினால் தலை சும்மா இருக்குமா? ஃபாதர் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்தார். மெர்சி முக்காட்டை விலக்கினாள்.

"ஃபாதர், அந்தத் தலை சீனாக் குழலுக்கு வாக்கப்பட்டது. எனக்கு அந்த வாய் சொன்னது போதும்."

அரை சுரம் பிசகினால் ஊர் மன்னித்துவிடும், சகபாவிகளே, தலை பிசகினால் மன்னிக்க ஒரு மெர்சி வேண்டும்.