டொக்டர் கௌசல்யாவின் இரண்டு ரைபிள்கள்

முதல் நாள்

துப்பாக்கி லைசென்ஸ் பிரிவில் எனக்கு வேலை கிடைத்த செய்தியைக் கேட்டதும் என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து துவக்குக்கு லைசென்ஸ் குடுக்கிற வேலைக்கோ போறீர்?”

அலுவலகம் குரோய்டனில்; தோர்ண்டன் ஹீத்தில் வீட்டு வாசலில் ஏறினால் ஒரே பஸ். அதனால்தான் விண்ணப்பித்தேன்.

நாங்கள் பொலிஸ் ஊழியர்கள், ஆனால் சீருடை கிடையாது. ரைபிளோ ஷொட்கன்னோ வைத்திருக்க விரும்புகிறவரின் வீட்டுக்குப் போய், அவரோடும் வீட்டாரோடும் கதைத்து, இரும்பு அலுமாரி சுவரில் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அவருடைய குடும்ப டொக்டரான ஜிபி தரும் அறிக்கையையும் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று எழுதவேண்டும். எங்கள் மனேஜர் டேவிட் ஓய்வுபெற்ற சார்ஜன்ட். துவக்கென்றால் எனக்குப் பயம் என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன்.

“நல்லது. அதில் ஆசை உள்ளவர்கள் எனக்கு இங்கே வேண்டாம்” என்றார்.

விம்பிள்டன் வீடு

நான் போன வீடுகளில் ஒரே ஒரு தமிழ் வீடுதான் இருந்தது. டொக்டர் கௌசல்யா திருநெல்வேலிக்காரி. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிறவர். கல்லூரியில் என்சிசியில் சுடப் பழகி, இங்கே ஒரு கிளப்பில் இலக்குப் பார்த்துச் சுடுகிறவர். இரண்டு ரைபிள்கள் வைத்திருந்தார்.

வெள்ளைக்காரக் கனவான்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். பருத்திச் சேலையில் ஒரு பெண் அலுமாரியைத் திறந்து காட்டியபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. வாய்விட்டே கேட்டேன்.

“உயிரைக் காப்பாத்திற வேலை செய்யிறீங்கள். உங்களுக்கு ஏன் இது?”

அவர் கோபிக்கவில்லை. “ஆபரேஷன் தியேட்டர்ல நாள் பூரா அடுத்தவங்க மூச்ச எண்ணிட்டு இருக்கேன். சுடுற ரேஞ்சுல என் மூச்ச மட்டும் கவனிச்சா போதும். அவ்வளவுதாங்க.”

அவருடைய கணவர் மோகனிடம் தனியாகக் கதைத்தேன். ரைபிள் அலுமாரியின் சாவி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி.

“எங்க வீட்ல எனக்குத் தெரியாத ரகசியம் அது ஒண்ணுதான். கேட்டுக் கேட்டுப் பார்த்துட்டேன், சொல்ல மாட்டேங்குறா” என்று சிரித்தார்.

கிளப் கூட்டம்

பிறகு வேறொரு ஊரில் ஒருவன் லைசென்ஸ் உள்ள துவக்காலேயே ஆட்களைச் சுட்டுக் கொன்றான். நாடே கொதித்தது. வீட்டில் துவக்கு வைத்திருப்பதையே தடைசெய்யவேண்டும் என்று ஒரு பக்கம். எவனோ செய்ததற்கு ஒழுங்காக இருக்கிற எங்களை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று மறுபக்கம். கௌசல்யாவின் கிளப் விளக்கம் கேட்டு எங்களைக் கூப்பிட்டது. டேவிட்டும் நானும் போனோம்.

ஜிபி எங்களுக்குத் தகவல் கொடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது மண்டபம் சூடானது. “டொக்டரிடம் மனசு சரியில்லை என்று சொன்னால் பொலிஸ் வாசலில் நிற்குமா?” என்று ஒருவர் கத்தினார்.

கௌசல்யா எழுந்தார். “நிற்கவேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் என் கை நடுங்கினால் நான்தான் முதலில் சொல்லவேண்டும். ரைபிளுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?”

ஒருவரும் கைதட்டவில்லை. தேநீர் நேரத்தில் அவர் பக்கத்தில் ஒருவரும் நிற்கவுமில்லை. நான் போய் நின்றேன்.

தொலைபேசி

மோகன் திடீரென்று மாரடைப்பில் இறந்துபோனார். சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காலையில் மேசையிலிருந்த என் கைத்தொலைபேசி அடித்தது.

“சாந்தினி, நான் கௌசல்யா. வந்து என் ரைபிள எடுத்துட்டுப் போயிடுங்க. இன்னைக்கே.”

“என்ன நடந்தது, டொக்டர்?”

“தூக்கமே இல்ல. அவர் இல்லாம எதுக்கு இருக்கணும்னு தோணிட்டே இருக்கு. காலையில அந்த பீரோ முன்னாடி போய் நின்னுட்டேன். என்னை எனக்கே நம்பிக்கை இல்ல.”

“இப்ப எங்க நிக்கிறீங்கள்?”

“ட்ராம் ஸ்டாப்ல. வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன். நீங்க வராம உள்ள போக மாட்டேன்.”

டேவிட் காரை எடுத்தார். வழி முழுவதும் நான் தொலைபேசியை வைக்கவில்லை. என்ன கதைத்தேன் என்று நினைவில்லை. அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது. தூறல் மழையில், கோட்டுகூட இல்லாமல், வீட்டுச் செருப்போடு அவர் ட்ராம் ஸ்டாப் வாங்கில் உட்கார்ந்திருந்தார். என் கோட்டைப் போர்த்திவிட்டேன்.

“என் வேலைக்கே பிரச்சினை வரலாம், தெரியும்ல?” என்றார்.

“தெரியும்.”

“பரவாயில்ல.”

ரைபிள்களை டேவிட் எடுத்துச் சென்றார். நான் கௌசல்யாவோடு அவருடைய ஜிபியிடம் போனேன். அங்கே எல்லாவற்றையும் அவர்தான் சொன்னார். ஒரு சொல்லைக்கூட மென்மையாக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் தானே அறிவித்து விடுப்பில் போனார். போர்க்காலத்தில் துணிச்சலான ஆட்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு வைத்துத்தான் இன்றும் இவரை நினைக்கிறேன்.

திருப்பிக் கொடுப்பதா?

சிகிச்சை முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். அதற்கும் வெகுகாலம் கழித்து மறுபடி விண்ணப்பித்தார். மருத்துவ அறிக்கைகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. என்றாலும் அலுவலகத்தில் ஒருவருக்குச் சம்மதமில்லை.

“தன்னையே நம்பவில்லை என்று சொன்ன ஆள். நாளைக்கு ஏதாவது நடந்தால் கையெழுத்துப் போட்டது நாங்கள்தானே?”

அவர் கேட்டதும் நியாயம்தான். அந்தப் பயத்தோடுதான் நாங்கள் எல்லோரும் வேலை செய்தோம். இரண்டு தரம் விம்பிள்டனுக்குப் போய்க் கதைத்தேன். கௌசல்யாவின் அக்கா ஊரிலிருந்து வந்து கூடவே இருந்தார், அவரிடமும் கேட்டேன்.

“கொடுக்கலேன்னா வருத்தப்படுவேன். ஆனா உங்க மேல கோபம் வராது” என்றார் கௌசல்யா.

கொடுக்கலாம் என்று எழுதினேன். டேவிட் என் அறிக்கையை மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் சொன்னேன்: “உண்மையைச் சொன்னதற்காக இவருக்கு மறுத்தால், இனி ஒருவரும் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.”

அவர் கையெழுத்திட்டார்.

அடுத்த வசந்தத்தில், அதே கிளப்பைச் சேர்ந்த ஒருவர், எனக்கு முன்பின் தெரியாத தச்சர், அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். மனைவி பிள்ளைகளோடு பிரிந்து போய்விட்டாராம், குடி கூடிவிட்டதாம், தன் துவக்குகளை எடுத்துக்கொண்டு போகும்படி கேட்டார். நாங்கள் போனபோது வாசலிலேயே நின்றார்.

“அந்த டொக்டருக்குத் திருப்பிக் கொடுத்தீர்களாமே. அதனால்தான் துணிந்து கேட்டேன்” என்றார்.

துவக்கு வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் இந்த நாட்டில் முடியப்போவதில்லை. எனக்கு இன்றும் அவை பிடிக்காது. ஆனாலும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பூட்டையும் சுவரையும் கட்டாயம் பாருங்கள், கடுமையாகக் கேள்வி கேளுங்கள். அதே நேரம், மனம் உடைந்துபோன ஒருவர் உங்களுக்குத்தான் முதலில் போன் எடுக்கலாம் என்று நம்பும்படி நடந்துகொள்ளுங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று அவர்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.