வாய்க்காலுக்குக் கை தூக்கிய நாள்

எண்பதுகளின் நடுப்பகுதி. பஸ் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாத காலம். சாவகச்சேரியில் இளந்தாரியாகத் திரிந்த நான், எங்கள் சனசமூக நிலையக் கூட்டத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. வாக்கெடுப்பு என்றால் கிழவர்கள் குடையோடு வந்து இருமிவிட்டுப் போகிற விஷயம். நாங்கள் வெளியே கரம் பலகையில் காய் அடித்தோம். நாளைக்குக் கொழும்போ கனடாவோ, ஊர் வாய்க்கால் எங்களுக்கு என்னத்துக்கு?

பிறகு கல்யாணம். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிபோனேன், நீர்வேலிக்கு. சீதனக் காணியில் இருநூறு வாழைக்குட்டி நட்டேன். என் கையால் நட்ட முதல் பயிர். அப்போதுதான் காணிக்குப் போகும் ஒழுங்கையோரம் வாய்க்கால் தூர்ந்து கிடப்பது கண்ணில் பட்டது. கார்த்திகை மழைக்கு வெள்ளம் நின்றால் அத்தனையும் அழுகிவிடும்.

அந்த வருடம் நீர்வேலிச் சனசமூக நிலையத்தில் ஒரே கேள்விதான்: ஊர் கூடிச் செய்யும் சிரமதானத்தில் வாய்க்கால் வெட்டுவதா, வாசிகசாலைக்கு மதில் கட்டுவதா? மனைவிக்கு எட்டு மாதம். "நீர் இரும், நான் போய்க் கை தூக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய் முன் வரிசை வாங்கில் இருந்தேன். உள்ளே என் வயதுக்காரர் ஒருவரும் இல்லை. வெளியே கரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாய்க்காலுக்கு என் கை உயர்ந்ததும் செயலாளர் அங்கத்தவர் பெயர் இடாப்பைப் புரட்டினார்.

"தம்பி, கையை இறக்கும். உம்மடை பேர் இஞ்சை இல்லை. சாவகச்சேரியிலை எல்லோ இருக்கும்?"

அங்கேயும் இல்லை. கையை இறக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் என் மனைவி. தாயும் சின்னம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்திருக்க, நடந்தே வந்திருக்கிறாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் வெளிக்கிட்ட பிறகுதான் யோசிச்சன், உங்கடை பேர் இஞ்சை இல்லையெண்டு. என்ரை பேர் இருக்கு."

மூச்சு வாங்க நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினாள். இடாப்பில் பெயர் இருந்த மற்ற இருவரும் தூக்கினார்கள். வாய்க்கால் இரண்டு கைகளால் வென்றது. இவள் என் மனைவி என்று அன்றைக்கு ஊருக்கே கத்திச் சொல்லவேண்டும்போல இருந்தது.

புறப்படுமுன் அவள் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதுவித்தேன். வெளியே கரம் அடித்தவர்களில் ஒருத்தன் கேட்டான்: "என்ன அண்ணை, கிழவனாகிட்டியளோ?"

"ஓம்" என்றேன். "இருநூறு வாழை நிக்குது. ஒரு பிள்ளையும் வரப்போகுது."