தகவல்: தம்பி

கணினியில் தேடுவதற்கென்று ஒரு பெட்டியை வைத்தவன் வாழ்நாளில் எதையும் தொலைத்திருக்க மாட்டான். தொலைத்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டான்.

மகள் அப்பாவின் பெயரைத் தட்டினாள். ஒரு பச்சைக் கோடு, மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல நின்று நின்று நகர்ந்தது. கடைசியில் 'எதுவும் பொருந்தவில்லை' என்றது. அதோடு வாயை மூடிக்கொண்டதா? இணையத்தில் தேடிப் பார்க்கலாமே என்று யோசனை வேறு. வீட்டுக்குள் தொலைந்த சாவியைச் சந்தைக்குப் போய்த் தேடச் சொல்கிற புத்திசாலி.

அப்பா நேற்றுக் காலை இறந்துபோனார். கடையைத் திறந்தார், விளக்கைப் போட்டார், இந்தக் கணினியைப் போட்டார். அது கண் விழிப்பதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார்.

கடை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான அறை. இரண்டு கணினிகள். ஒன்று செத்துப் பல வருடம் ஆகிறது, அதன்மேல் தாள்கட்டு வைத்திருந்தார். ஊரில் பிறந்தவன், கல்யாணம் செய்தவன், கடை திறந்தவன், செத்தவன் எல்லோரும் அந்த அறை வழியாகத்தான் தாளுக்குப் போனார்கள். அப்பா எழுத்துக் கோத்துக் கொடுப்பவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'கமா'. ஒரு கமாவுக்காக வாடிக்கையாளரை அரை மணி நேரம் நிற்கவைத்துச் சண்டை பிடிப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மரண அறிவிப்பு எழுத வருகிறவர்களிடம் அவர் காட்டிய இரக்கம் தனி ரகம்.

"'இறைவனடி சேர்ந்தார்'னு போடுங்கண்ணே."

"சேர்ந்துட்டாரா? யாரு பார்த்தது?"

"அது வந்து... அப்படித்தானேண்ணே போடுவாங்க."

"போனது தெரியும். போய்ச் சேர்ந்தது தெரியுமா? தெரியாததை அச்சுல ஏத்த மாட்டேன். 'இறந்தார்'னு போடுறேன். அதுல ஒருத்தனும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது."

ஈடுசெய்ய முடியாத பேரிழப்பு என்று எழுதிக்கொண்டு வந்த ஒருவரிடம், பாகப்பிரிவினை முடிஞ்சுதா என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் அன்றோடு வேறு கடைக்குப் போனார். போகட்டும் என்றார் அப்பா. வேறு கடையில் எழுத்துப்பிழையோடு இறைவனடி சேரட்டும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "என்னோடதை நானே அடிச்சு வச்சுட்டேன். உங்க யாரையும் நம்பி என்னால சாக முடியாது."

அதைத்தான் மகள் தேடிக்கொண்டிருந்தாள். நாளைக் காலைப் பத்திரிகையில் வர வேண்டும் என்றால் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பெரியப்பா எழுதியது வரும்.

பெரியப்பா, அப்பாவின் ஒரே அண்ணன், பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். கடையில் கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று தாள் எழுதிவிட்டார். இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

"கேளும்மா. 'பண்பின் சிகரமும், பாசத்தின் பிறப்பிடமும், அன்பின் ஆலமரமுமான...'"

"அப்பா மனுஷன் பெரியப்பா. மலையா, மரமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. ஊர்ல நாலு பேரு படிப்பாங்க."

வாடிக்கையாளர் பெஞ்சில் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் பெரியப்பாவோடு நேராகப் பேசுவது கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து மூன்றாம் ஆள் வழியாகத்தான்.

"உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு. அந்த மரம் மட்டும் பேப்பர்ல வந்துச்சுன்னா, அவர் எழுந்து வந்துருவார்."

பாதி இறக்கிய இரும்புக் கதவுக்கு அடியில் ஒரு தலை குனிந்து நுழைந்தது. பக்கத்துத் தெருக்காரர்.

"அப்பா போயிட்டாராமே... மனசே ஆறலம்மா. எப்பேர்ப்பட்ட மனுஷன்." ஒரு மூச்சு விட்டார். "என் விசிட்டிங் கார்டு முடிச்சு வச்சிருந்தாரா?"

மகள் அவரைப் பார்த்தாள். தலை வந்த வழியே போனது.

அவள் தொழிலும் தேடுவதுதான். நிறுவனங்கள் தொலைத்த தரவை மீட்டுக் கொடுக்கும் பொறியாளர் அவள். அம்மா அதையும் விடவில்லை.

"ஊரான் தொலைச்சதையெல்லாம் எடுத்துக் குடுக்கிறே. உங்கப்பா வச்சதை எடுக்க முடியல."

"அவர் வைக்கலம்மா. ஒளிச்சிருக்கார்."

தேடல் பெட்டி ஏன் விழிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அது கணினி முழுவதையும் தேடுவதில்லை. தனக்குத் தோன்றிய சில அறைகளில் எட்டிப் பார்த்துவிட்டு, ஊரெல்லாம் தேடினேன், காணோம் என்று கைவிரிக்கும். அப்பாவின் வேலை முழுவதும் கணினியின் இரண்டாவது வன்வட்டில் இருந்தது. அந்தப் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. படுத்திருந்தாலும் பயனில்லை. அப்பா கடைசிவரை பழைய எழுத்துருவில்தான் தட்டினார். திரையில் 'அம்மா' என்று தெரியும். உள்ளே கணினிக்கு அது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அம்மாவைத் தேடினால் அரைப்புள்ளியா கிடைக்கும்?

எனவே அவள் பெட்டியை ஒதுக்கினாள். கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, வட்டில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயரையும் வரிசையாகக் கொட்டச் சொன்னாள்.

கொட்டியது. கோபக்காரர் கார்டு. இருமல் வாத்தியார். புதுசு. புதுசு சரி. இதுதான் சரி. கடைசி. கடைசிக்கு அப்புறம். மூக்குத்திக்காரம்மா மகள் கல்யாணம். அதுவே, தேதி மாத்தி. அதுவே, மாப்பிள்ளை மாத்தி.

"இந்த மனுஷனுக்கா பொறியாளர் பொண்ணு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்து, அப்பாவின் பெயரைப் பழைய எழுத்துருவின் விசைகளாக மாற்றி, கோப்புகளின் வயிற்றுக்குள் தேடினாள். இது கட்டாயம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. அதே பெயரில் ஊரில் செத்தவர்கள் எல்லோரும் வந்தார்கள், அப்பாவைத் தவிர.

கணினி பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டாள். வேறு எங்காவது நகல் எடுத்து வைத்தாரா என்று கேட்டாள்.

"நகல் எல்லாம் இல்ல மேடம். ரொம்பப் பழைய மெஷின். கொண்டாங்க, ஃபார்மேட் பண்ணித் தர்றேன், புதுசு மாதிரி ஓடும்."

வீட்டில் எலி என்றால் கொளுத்திவிடலாம் என்கிற வைத்தியர். போனை வைத்தாள்.

மணி மூன்றரை. பெரியப்பா ஆலமரத்துக்கு விழுது சேர்த்துக்கொண்டிருந்தார்.

மகள் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். பெயரில் இல்லை. வயிற்றிலும் இல்லை. அப்படியானால் எழுத்து எழுத்தாக இல்லை. அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் 'அன்பு' ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். அதனால் அப்பா அச்சுக்குப் போகிற பிரதியில் எழுத்தையெல்லாம் வெறும் கோடாக மாற்றிவிடுவார். பிறகு அது எழுத்து அல்ல, படம். கண்ணுக்குப் பெயர், கணினிக்குக் கிறுக்கல். தன்னுடையதையும் கோடாக்கியிருப்பார். அதைவிட முக்கியமாக, வேறு யாரும் திருத்த முடியாதபடி ஆக்கியிருப்பார். பாசத்தின் பிறப்பிடம் எல்லாம் உள்ளே நுழைய முடியாது. அவர் புத்திக்கு அதுதான் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. அப்பா புதுப் பக்கம் திறந்ததே இல்லை. அந்தத் தெருவில் கடை வைத்த எவரும் திறப்பதில்லை. கல்யாணக் கார்டு வந்தால் போன கல்யாணக் கார்டைத் திறந்து, பழைய மாப்பிள்ளையைத் தூக்கிவிட்டுப் புது மாப்பிள்ளையை உட்காரவைப்பார்கள். கட்டம், கரை, இடைவெளி எல்லாம் தயார். வேறு பெயரில் சேமிக்க மறந்தால் பழைய மாப்பிள்ளை அதோடு ஒழிந்தான். எங்காவது ஒரு மூலையில் பழைய பெண்ணின் மாமன் பெயர் அப்படியே நின்று மானத்தை வாங்குவதும் உண்டு. அப்பா அதற்காக மற்ற கடைக்காரர்களைக் கிழிகிழி என்று கிழிப்பார்.

ஆக, அவருடைய அறிவிப்பு வேறு யாரோ ஒருவர் பெயரில் கிடக்கிறது. யார் பெயரில்?

"அம்மா, அவர் உன்கிட்ட எப்போ சொன்னார்? அடிச்சு வச்சுட்டேன்னு."

அம்மா சுவரிடமிருந்து முகத்தைத் திருப்பினாள். "உங்க பெரியப்பா ஆஸ்பத்திரியிலருந்து பிழைச்சு வந்தாரே, அந்த வாரம். பார்த்துட்டு வந்து சோறு தின்னுக்கிட்டே சொன்னார்."

ஐந்து வருடம் முன்பு. அந்த வாரம் அப்பா தொட்ட கோப்புகளை மட்டும் மகள் பிரித்தாள். ஒரு கடைத் திறப்பு, இரண்டு கல்யாணம், ஒரு பள்ளி ஆண்டு விழா. அப்புறம் 'பெரியவர்'.

'பெரியவர்' அந்த வாரம் திருத்தப்பட்டிருந்தது. உருவானது அதற்கு இரண்டு வாரம் முன்பு. பெரியப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு கிடந்த வாரம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. திறக்காமல் இருந்திருக்கலாம். திறந்தாள்.

கறுப்புக் கரை. நடுவில் அப்பாவின் பெயர். வயதுக்கும் தேதிக்கும் இடம் விட்டிருந்தார். அதன் கீழே:

எழுத்துக் கோப்பவர், இறந்தார். மனைவியும், மகளும் இருக்கிறார்கள். முடிந்த வேலைகள் மேசையின் இடது இழுப்பறையில் உள்ளன, எடுத்துக்கொள்ளவும். வர விரும்புகிறவர்கள் வரலாம். சொற்பொழிவு வேண்டாம்.

கடைசியில், வலது ஓரத்தில், சின்ன எழுத்தில்: தகவல்: தம்பி.

பெரியப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இவனுக்கு ஏதும்மா தம்பி? இவன்தானே கடைக்குட்டி?"

அம்மா பதில் சொன்னாள், வழக்கம்போல மகளிடம்.

"டாக்டர் கையை விரிச்சுட்டார்ல அப்போ, சொல்லு. அஞ்சு மணிக்குள்ள பேப்பருக்குப் போகணுமேன்னு அவர் தயாரா வச்சுக்கிட்டார். வேறொண்ணுமில்லன்னு சொல்லு."

பெரியப்பா கண்ணாடியை இறக்கினார்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான் பெரியப்பா."

"உயிரோட இருந்தேனேம்மா!"

"நீங்க பிழைச்சதும் வீணாக்க வேண்டாம்னு, உங்களை எடுத்துட்டு அவரைப் போட்டுக்கிட்டார். அந்த ஒரு வரியை மாத்த விட்டுட்டார்."

ஊரெல்லாம் தப்புப் பிடித்தவர். தன்னுடையதில் கோட்டைவிட்டிருக்கிறார்.

பெரியப்பா கையிலிருந்த தாள்களை மடித்தார். விரித்தார். கோபப்படப் போகிறார் என்று மகள் எதிர்பார்த்தாள். அவரிடம் அது ஒன்றுதான் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அவர் வேறு கேட்டார்.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருந்தான்?"

"போயிருச்சு பெரியப்பா. அதுமேலதான் இதை எழுதியிருக்கார்."

"நீ எடுத்துருவியே? அதானே உன் வேலை?"

பார்த்தாள். அந்த மென்பொருள் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய வடிவத்தை ஒரு நகலாக வைத்துக்கொள்ளும். நகலைத் திறந்தாள். அதிலும் அப்பாதான். வரிக்கு வரி அதே. 'மனைவியும்' என்பதற்குப் பிறகு கமா மட்டும் இல்லை.

சேமித்துவிட்டு எழுந்திருக்கிறார். மனம் பொறுக்காமல் திரும்ப உட்கார்ந்து ஒரு கமாவைப் போட்டு, மறுபடி சேமித்திருக்கிறார். முதல் சேமிப்போடு விட்டிருந்தால் நகலில் பெரியப்பா இருந்திருப்பார். ஒரு கமாவுக்காக அண்ணனைத் துடைத்துவிட்டார். போட்டிருக்கவே வேண்டாத கமா அது.

வட்டின் வெற்றிடங்களையும் துழாவினாள். ஐந்து வருடக் கல்யாணங்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. வேறு வாடிக்கையாளர் என்றால் இரண்டு நாள் அவகாசம் கேட்டு, அதன் பிறகு இல்லை என்று சொல்லியிருப்பாள்.

"இல்ல பெரியப்பா."

"மரம், சிகரம்னு ஏதாச்சும்..."

"அப்பாவா? 'இறந்தார்'னுதான் போட்டிருப்பார்."

பெரியப்பா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் கெட்டுப்போனது. கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்து நிறுத்தவில்லை.

மணி நாலரை. மகள் வயதையும் தேதியையும் தட்டினாள். பிறகு சுட்டியைக் கடைசி வரிக்குக் கொண்டுபோனாள். 'தம்பி' இப்போது எழுத்து இல்லை, கோடு. தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினால் போய்விடும்.

"அதை விடும்மா," என்றார் பெரியப்பா.

"தப்பு பெரியப்பா. ஊர் சிரிக்கும்."

"எனக்குன்னு அவன் எழுதினதுல மிச்சம் அது ஒண்ணுதான்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து வந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு, அத்தனை வருடத்தில் முதல் முறையாக, அவரிடமே சொன்னாள்.

"நீங்க சொன்னா சரி."

ஐந்துக்கு முன்பே அனுப்பியாகிவிட்டது. ஆலமரம் குப்பைக்கூடைக்குப் போனது. போட்டவர் பெரியப்பாவேதான். மகள் கணினியை அணைத்தாள். தேடல் பெட்டி போகும்போதுகூட, கருத்துச் சொல்ல விருப்பமா என்று கேட்டது.

மறுநாள் காலை வீட்டுத் தொலைபேசி விடாமல் அடித்தது. துக்கம் கேட்டவர்கள் கொஞ்சம் பேர். தப்புச் சொன்னவர்கள் மிச்சம் பேர். அதைத் தேட மட்டும் ஊருக்கு எந்தப் பெட்டியும் வேண்டியிருக்கவில்லை. அடுத்த அழைப்பைப் பெரியப்பா எடுத்தார். எதிர்முனைக் குரல் கூடம் வரை கேட்டது.

"கமா அண்ணனுக்கே தப்பா அடிச்சிருக்காங்களே, யாருங்க பார்த்தது? தகவல் தம்பின்னு இருக்கு!"

"தம்பிதாங்க தகவல் சொன்னது," என்றார் பெரியப்பா. "சரியாத்தான் இருக்கு."

வைத்துவிட்டார்.