வலிக்காத கட்டி

என் கணவர் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் வெடிகளை வெயிலில் காயப்போடும் வேலை செய்கிறார். ஒரு தீபாவளி சீசனில் அவர் முழங்கைக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு கட்டி கிளம்பியது. "வெடிமருந்துத் தூசி பட்டிருக்கும். வலிக்கவே இல்ல, விடு" என்றார். நானும் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

இரண்டே மாதத்தில் அது நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. விருதுநகர் டாக்டர், சதையில் கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது. "வலிக்காத கட்டிக்கு எதுக்கு சார் கத்தி? லேபுல கமிஷன் ஏதும் தாராகளா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, இவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் கட்டி வெடித்து ரத்தம் கசிந்தது. வெட்கத்தை விட்டு அதே டாக்டரிடம் போனோம். பரிசோதித்ததில் அபூர்வமான தோல் புற்றுநோய். ஒரு வைரஸுக்கும் இதில் பங்கு உண்டு என்றார். அதற்குமேல் எதுவும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவருடைய டம்ளரைத் தனியே எடுத்து வைத்தேன்.

"என் டம்ளரு மட்டும் ஏன் அங்கன இருக்கு?" என்று கேட்டார். 

அடுத்த முறை போனபோது, இது ஒட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "ரொம்பப் பேர் தோல்ல இருக்கிற வைரஸ்ம்மா. நோய் டம்ளர்ல ஒட்டாது, பயப்படாதீக" என்றார்.

கட்டியை அறுத்து எடுத்து, கதிர்வீச்சுக் கரண்டும் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். தூசி, டாக்டர், டம்ளர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், கட்டியை மட்டும் சந்தேகப்படவில்லை.

இப்போதெல்லாம் லீவு நாளில் இவருக்கு எண்ணெய் தேய்க்கும்போது உடம்பு முழுக்கத் தடவிப் பார்க்கிறேன். புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால், "வலிக்குதா?" என்பேன். "இல்ல" என்று சொன்னால், அன்றைக்கே விருதுநகருக்கு பஸ் ஏறிவிடுகிறோம்.