திறந்து கிடந்த இரண்டு ராணிகள்

அந்தச் சலவைக்கூடத்தில் வேன் ஓட்டுபவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் சம்பளம் போடுகிற கணக்கரைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில் இல்லை. எல்லோருக்கும் அவர் 'சட்டம்'. மதியச் சாப்பாடு முடிந்ததும், துணி மடிக்கிற நீளமேஜையின் ஒரு மூலையில் சீட்டுக்கட்டைப் பிரித்து உட்கார்ந்துவிட்டால், அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் சட்டமாகத்தான் இருக்கும்.

ஆட்டம் போக்கர். அதிலும் ஸ்டட் என்கிற வகை. வாலிபத்தில் கிடங்கு வாசல்களில் லாரியோடு காத்துக் கிடந்த காலத்தில் கற்றுக்கொண்டது. ஆளுக்கு ஐந்து சீட்டு. முதல் சீட்டைக் கவிழ்த்துக் கொடுப்பார்கள், அது அவரவர் ரகசியம். மிச்சம் நான்கும் ஒவ்வொன்றாக, ஊர் பார்க்கத் திறந்தே விழும். ஒரு சுற்று சீட்டு விழுந்ததும் ஒரு சுற்றுப் பந்தயம். யாருக்குத் திறந்து கிடக்கிற சீட்டுகள் பெரிதோ அவர்தான் முதலில் பேசவேண்டும். தாங்காது என்று நினைத்தவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். மற்ற ஆட்டங்களில் நம் கையைப் பார்த்தால் போதும், இதில் மேஜை முழுவதையும் பார்க்கவேண்டும்.

பந்தயம் பணமல்ல, பொத்தான். சலவை இயந்திரத்தின் வடிகட்டியில் தினமும் ஒரு கைப்பிடி பொத்தானாவது சிக்கும். சட்டைப் பொத்தான் ஒன்றுக்குச் சமம், கோட்டுப் பொத்தான் ஐந்து, எந்தச் சீருடையிலிருந்தோ கழன்று வந்த பித்தளைப் பொத்தான் பத்து. ஆடியவர்கள் நால்வர். சட்டத்துக்கு இடப்பக்கம் இஸ்திரி மேஜையைப் பார்த்துக்கொள்கிற பெண், அவளை அவர் தங்கச்சி என்பார். வலப்பக்கம் இயந்திரங்களை ஓட்டுகிற 'சோப்பு'. எதிரே கணக்கர்.

மற்ற மேஜைகளில் சீட்டுப் போடுகிறவர், "உனக்கு ராணி ஜோடி, நீ பேசு" என்று சொல்லிவிடுவார். இங்கே அது கூடாது. "திறந்துதானே கிடக்கு? கண்ணு எதுக்கு இருக்கு?" என்பது சட்டத்தின் தலையாய சட்டம். அவரும் அதற்குத் தகுந்த ஆள்தான். யார் எந்தச் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள் என்பதுவரை ஞாபகம் வைத்திருப்பார். நிச்சயமில்லாமல் ஒரு பொத்தானை நகர்த்தமாட்டார். கஞ்சன் என்று சோப்பு கேலி செய்வான்.

அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. சோப்புவின் முன்னால் இரண்டு ராஜா பல்லிளித்துக்கொண்டு கிடக்கும், இவர் ஒரு சாதாரண ஒன்பதை வைத்துக்கொண்டு கோட்டுப் பொத்தானைத் தள்ளுவார். 'இந்த மனுஷன் சும்மா தள்ளமாட்டாரே, கவிழ்ந்த சீட்டில் என்னவோ இருக்கிறது' என்று பயந்து ராஜாக்களே ஒதுங்கிவிடும். சட்டத்தின் டப்பா நிறைந்தது. கணக்கரிடம் மட்டும் பழையபடி நிதானமாக ஆடினார். "என்னைக் கண்டாத்தான் அவருக்குப் பயம்" என்று கணக்கர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அதே நாட்களில்தான் வேனுக்கும் கெட்ட நேரம் பிடித்தது. வெளிவாசல் தூணில் ஒரு உராய்வு, பிறகு பக்கக் கண்ணாடி உடைசல். "தூணு நகர்ந்து வந்து இடிச்சா நான் என்ன பண்ணுவேன்?" என்றார் சட்டம். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் மூன்றாவது திறந்த சீட்டு விழுந்தது. சட்டத்துக்கு எட்டு ஜோடி. இஸ்திரிப் பெண்ணுக்கு ராணி ஜோடி. மற்ற இருவர் முன்னாலும் உருப்படியாக ஒன்றுமில்லை. முதலில் பேசவேண்டியவள் அவள். அவள் வாயைத் திறப்பதற்குள் சட்டம் பித்தளைப் பொத்தானை நடுவில் வைத்துவிட்டு, "எட்டு ஜோடிதான் பெருசு, நான் பேசிட்டேன்" என்றார்.

சோப்பு சிரித்தான். "அண்ணன் பூச்சாண்டி காட்டுறாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பூச்சாண்டி காட்டுகிறவன் கவிழ்ந்த சீட்டை வைத்துத்தான் காட்டுவான். திறந்து கிடக்கிறதை இல்லையென்று யாரிடம் சொல்லமுடியும்? இவர் முறை தவறினவர்களை நாள் முழுக்கத் திட்டுகிற மனிதர். அவருக்கு முறை தவறியது என்றால், ராணிகளை அவர் பார்க்கவேயில்லை.

அவர் தன் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் கையை அவருடைய இடது காதுக்குச் சற்று முன்னால் மெல்ல ஆட்டினாள். அவர் அசையவில்லை. எழுந்து அவர் பின்னால் போய், வலப்பக்கமும் ஆட்டினாள். அதற்கும் அசையவில்லை. சோப்புவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவள் சுவர் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

சாவி குலுங்கிய சத்தத்துக்கு எழுந்து திரும்பினார் சட்டம். "சாவிய ஏன் எடுக்கற? ஆஸ்பத்திரிக்குத் துணி போகணும்."

"இன்னிக்கு நீங்க ஓட்ட வேணாம்ணே."

"தோத்துட்டா இப்படியா? ஆட்டத்துல இருக்கற கோவத்த வண்டியில காட்டாத."

"நான் எங்க தோத்தேன்? என்கிட்ட இருக்கறது உங்க எட்டவிடப் பெருசு. அப்பவே திறந்து கிடக்கு."

"விளையாடாத. சாவியக் குடு."

"அண்ணே, நீங்க போற வழியில பள்ளிக்கூடம் இருக்கு. இப்பதான் சாப்பாட்டுக்கு விடுற நேரம்." அவள் அவருடைய இடத்தைக் காட்டினாள். "ஒரு தடவ உட்காருங்க. நேரா கணக்கர் சார் மூக்கையே பாருங்க. தலையத் திருப்பாம, என் முன்னாடி என்ன கிடக்குன்னு சொல்லுங்க. சொல்லிட்டா சாவிய நானே கையில தரேன்."

கோபத்தோடுதான் உட்கார்ந்தார். கணக்கரின் மூக்கு தெரிந்தது. கணக்கர் தெரிந்தார். இடப்பக்கம் மேஜை இருக்கவேண்டிய இடத்தில் இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. வலப்பக்கமும் அப்படியே. சட்டென்று தலையைத் திருப்பினார். இரண்டு ராணிகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவருக்குத் தூண் ஞாபகம் வந்தது. அதற்கும் மேலே, பள்ளிக்கூட வாசலில் கைகோத்துக்கொண்டு சாலையைக் கடக்கிற பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நேற்றும் அந்த வழியாகத்தான் போனார். முந்தின நாளும் போனார். சாவியை நீயே வைத்துக்கொள் என்று அவளிடம் கையைக் காட்டினார்.

பிறகு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது, மூளைக்கு அடியில், கண் நரம்புகள் சேருகிற இடத்தில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி அழுத்திக்கொண்டிருந்தது. "கெட்ட கட்டி இல்ல. மூக்கு வழியாவே எடுத்துடலாம்" என்றார் மருத்துவர். "நடுப்பார்வை நல்லா இருக்கறதால இது பலபேருக்குத் தெரியாமலே போயிடும். இன்னும் விட்டிருந்தா பார்வை திரும்பறது சந்தேகம்தான். யாரு கண்டுபிடிச்சாங்க?"

"எங்க இஸ்திரிக்காரப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு சட்டம் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது பார்த்திராத மனைவி, என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு அவளும் அழுதாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தபோது, ஓரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் ஜன்னல் திரை. பிறகு கதவு நிலையில் சாய்ந்து நிற்கிற மகளின் முழங்கை. யாருக்கு நன்றி சொல்வது என்று அவருக்குக் குழப்பமே இல்லை. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவள் பார்க்க வந்தபோதெல்லாம் "டீ குடிச்சிட்டுப் போம்மா" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

ஓட்டலாம் என்று மருத்துவர் சான்று கொடுத்த பிறகு வேலைக்கு வந்தார். தற்காலிகமாக ஓட்டிக்கொண்டிருந்த ஆள் காலையிலேயே சாவியை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தான். மதியம் நால்வரும் பழைய இடங்களில் உட்கார்ந்தார்கள். சீட்டு விழுந்தது. சட்டம் தன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்து, சத்தம் போடாமல் மேஜையின் இடது ஓரத்தில் வைத்தாள்.

சட்டம் தலையைத் திருப்பவில்லை. இடது கை மட்டும் நீண்டு சாவியை எடுத்துக்கொண்டது.

"ராணி ஒண்ணு, ஏழு ஒண்ணு" என்றார் அவர். "உனக்குத்தான் பெருசு, தங்கச்சி. நீ பேசு."

"சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?" என்றான் சோப்பு.

"இனிமே சொல்லலாம்" என்றார் சட்டம். அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சட்டைப் பொத்தானை நடுவில் வைத்தாள்.